துண்டு விழும் கணக்கும் சட்டசபையாரும்

திருப்பத்தூரினின்று புறப்பட்டு, ஜவ்வாது மலைமீது வளைந்து வளைந்து ஏறிச் செல்லும் வழி புதூர்நாட்டை அடைகிறது. புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என மூன்று ஊராட்சிகளாக வகுக்கப்பட்டுள்ள அப்பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் என்னும் பழங்குடி வகுப்பினர். மேற்கேயுள்ள கேரள தேசத்தாரோடு இவர்களுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று மலையேறியவர் என்றே இவர்கள் கூறுவர். சாமையும், புளியும், பலாவும், தேனும் இம்மலையின் செல்வங்கள். சென்ற கோடை விடுமுறையில் மாணவர் நால்வருடன் அங்குச் சென்றிருந்த நான், ஊர்க் கவுண்டர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் உரையாடிக் கொண்டிருந்தேன். தம் ஊருக்குக் கிளைவழி ஒன்று வேண்டுமென்று பன்முறை விண்ணப்பித்ததாகவும், கீழேயுள்ள ஓர் அலுவலகத்தில், அரசாங்கத்திடம் பணம் இல்லை, கணக்கில் துண்டு விழுகிறது என்று விடை கூறியனுப்பியதாகவும் அவர் சொன்னார். பிறகு சற்று நகைத்து, "துண்டு விழுகிறது, துண்டு விழுகிறது என்கிறார்களே, ஐயா! அந்தத் துண்டு யார் தலையில் விழுகிறது?" என்று கேட்டார்.

பொருளாதார நூல்கள் பலவற்றைக் கற்றும் கற்பித்தும் வருகிற நான், அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலாது விழித்தேன் என்பதை ஒளிப்பானேன்? மலையினின்று இறங்கிய பின்னும் அது என்னை விட்டபாடில்லை. நம் இராஜ்யத்துச் சட்டசபையார், பொக்கிஷத்தில் துண்டு விழுந்த காலங்களில் அதனை யார் தலைமேல் விழவிட்டனர் என்பதை ஆராய முற்பட்டேன். யான் கண்டவற்றை இங்குக் கூறுகின்றேன்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அரசாங்கம் கடன் வாங்குவது தன்னளவில் குற்றமன்று. குடியானவன் கிணறு வெட்டக் கடன் வாங்கினால், கிணற்று நீர் அக்கடனை அடைக்கும். நாள்தோறும் உலையில் இடும் அரிசிக்கே கடன் வாங்குவானாயின், அடுத்த ஆண்டு அவனுக்கு அரிசியும் இராது, கிணறும் இராது. இவ்விரண்டாவது வகையே வருவாய்ப் பற்றாக்குறை எனப்படுவது. அன்றாடச் செலவுக்கு வரும்படி போதாமை. தமிழ்நாட்டில் 2006 முதல் 2013 வரையிலான ஏழு நிதியாண்டுகளுள் ஐந்தில் வருவாய் மிகுதியே இருந்தது. 2013க்குப் பின்னர் ஆண்டுதோறும் துண்டுதான். 2023-24இல் அத்துண்டு 45,000 கோடி ரூபாயைச் சிறிது கடந்தது.

துண்டு விழுந்தவுடன் சட்டசபையில் நிகழும் முதற்காரியம் யாது? முன்னிருந்தவரைப் பழித்தலே. 2001 ஆகஸ்டில் அப்போதைய நிதி மந்திரி பொன்னையன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். இருபதாண்டுகள் சென்றபின், 2021 ஆகஸ்டு 9இல், நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் மற்றொரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். முன்னது முன்னைய தி.மு.க. ஆட்சியின் மீது, பின்னது முன்னைய அ.தி.மு.க. ஆட்சியின் மீது. இரண்டாவது அறிக்கை மிகத் தெளிவானது என்பதில் ஐயமில்லை. 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்றும், குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் உள்ளது என்றும் அது கணக்கிட்டது. திண்ணையில் என்னோடு பேசிய கவுண்டரின் குடிசைக்கும் அப்பங்கு உண்டு, அவருக்குத்தான் தெரியாது. இவ்வளவு அஞ்சத்தக்க கணக்கைக் காட்டிய நான்காம் நாள், திருத்திய வரவு செலவுத் திட்டத்தில், பெட்ரோல் மீதான வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டொன்றுக்கு 1,160 கோடி இழப்பு என்று அரசாங்கமே கூறிற்று. அச்சலுகை ஏழை எளியோர்க்கும் ஒருவாறு உதவியிருக்கலாம். அதனை வெறுத்துக் கூறவில்லை. வீடு பற்றி எரிகின்றது என்று கூவியவர், கூவிய வாய் மூடுமுன் குடத்து நீரைத் தானம் செய்ததைத்தான் வியக்கின்றேன். எதிர்த்தரப்பில் ஒருவராவது எழுந்து, "இவ்விழப்பை எதைக்கொண்டு ஈடுசெய்வீர்?" என்று வற்புறுத்தினாரோவெனில், வரிக்குறைப்பை எதிர்த்துப் பேசி வாக்கிழக்க எக்கட்சிக்குத்தான் மனம் வரும்?

இனி, துண்டை மெய்யாகவே குறைக்க முனைந்த ஒரு காலமும் உண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். நம் பழைய மாணவர் பலர் அக்காலத்தின் தழும்பை இன்றும் தாங்கியிருப்பவர். 2001 நவம்பரில், சில துறைகள் நீங்கலாக, அரசுப் பணிகளுக்குப் புதிதாக ஆள் எடுத்தல் நிறுத்தப்பட்டது. அத்தடை 2006 வரை நீடித்தது. பட்டம் பெற்று வேலைக்கு எழுதிக் காத்திருந்த இளைஞர்க்கு ஐந்தாண்டு என்பது எத்துணை நீண்ட காலம்! வயது வரம்பு கடந்து போனவர் எண்ணிலர். 2003 ஏப்ரல் 1 முதல் பணியிற் சேர்வோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்று விதிக்கப்பட்டது. உழவர்க்கு வழங்கிய இலவச மின்சாரம் நின்றது. குறித்த வருமானத்துக்கு மேற்பட்டோரின் ரேஷன் அட்டைகளில் 'எச்' முத்திரை இடப்பட்டது. அரசு ஊழியரும் ஆசிரியரும் 2003 ஜூலையில் வேலை நிறுத்தம் செய்யவே, அவசரச் சட்டமொன்று பிறந்து ஏறக்குறைய 1,70,000 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். வேலை நிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லையென்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பெரும்பாலோர் மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். அதே ஆண்டில் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் சட்டசபையில் நிறைவேறிற்று. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிப்பதும், நிதிப் பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றுக்குள் நிறுத்துவதும் அதன் நோக்கம்.

பின் யாது நிகழ்ந்தது? 2004ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களுள் ஒன்றேனும் ஆளுங் கட்சிக்குக் கிட்டவில்லை. முடிவு வெளியான சில நாட்களில், மே மாதம் 18ஆம் நாள், முதல் மந்திரி ஜெயலலிதா அந்நடவடிக்கைகளுட் பலவற்றை ஒரே அறிவிப்பில் திரும்பப் பெற்றார். இலவச மின்சாரம் மீண்டது. 'எச்' முத்திரை நீங்கியது. ஊழியர் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. கட்சிகள் அனைத்தும் அன்று ஒரு பாடம் கற்றன என்று கருதுகின்றேன். ஆனால் அவை கற்றது பிழையான பாடம். சிக்கனம் செய்பவன் தோற்பான் என்றே அவை கற்றன. ஜனங்களிடம் கேளாது, சபையிலும் தீர விவாதியாது, ஒரே இரவில் சுமையை எளியோர் தலையில் இறக்கினால் தோற்பான் என்று கற்றிருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அத்தனை சலுகைகளும் மீண்ட பின்னரே, 2005-06இல், வருவாய் மிகுதி வந்தது. வரி வரும்படி வளர்ந்ததும், மத்திய அரசின் பங்கு கூடியதும், மது விற்பனையை அரசே ஏற்றதும் அதற்குக் காரணங்கள். நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தின் கதியோ, துண்டு மீண்டும் விழத் தொடங்கியதும், இலக்கு ஆண்டைத் தள்ளித் தள்ளி வைக்கும் திருத்தங்களைத் தாங்கி நிற்பதாயிற்று.

2004க்குப் பின் எக்கட்சியாரும் ஊழியரையும் உழவரையும் நேருக்கு நேர் தொடத் துணியவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய இவை குறைக்கப்படுவனவல்ல என்றான பின், எஞ்சியது எது? புதிய வேலைகளும் பழையவற்றின் பராமரிப்புமே. பாலம், வழி, விடுதிக் கூரை, மலைச்சாலையோரத் தடுப்புச் சுவர்: இவை வேலை நிறுத்தம் செய்யா; ஊர்வலம் போகா; இவ்வாண்டு ஒத்திவைத்தால் இவ்வாண்டே எவரும் கேளார். ஆதலின் துண்டு விழும் ஆண்டுதோறும் கத்தி முதலில் செல்வது இவ்விடத்திற்கே.

இனிக் கவுண்டரின் கேள்வியை மறுபடி எண்ணிப் பார்க்கலாம். 2022 ஏப்ரல் 2ஆம் நாள், மலைக்கோயிலுக்கு வழிபாட்டிற்காகச் சென்ற புதூர்நாட்டுப் பகுதி மக்களை ஏற்றிய வேன் ஒன்று சேம்பரை அருகே பள்ளத்தில் உருண்டது. மாண்டவர் 11 பேர். பெரும்பாலோர் பெண்களும் சிறுமியரும். நிதிப் பற்றாக்குறைதான் அவர்களைக் கொன்றது என்று கூறுவேனாயின் அது பொய்யாகும். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆயினும், மலையில் ஒரு வழி நல்வழியாயிருப்பதும் தீவழியாயிருப்பதும் அங்கு வாழ்வோர்க்கு வெறும் வசதியின் விஷயமன்று என்பதை அந்நாள் காட்டிற்று. மரித்த பின் நிவாரணத் தொகை கொடுக்கப் பொக்கிஷத்தில் எக்காலத்தும் பணம் இருக்கிறது.

இம்மக்களின் குரல் சபையில் எவ்வளவு கேட்கும்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். நூற்றுக்கு ஒருவரைச் சிறிது மிஞ்சுவர். 234 தொகுதிகளுள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என்னும் இரண்டே. ஜவ்வாது மலைக்கு ஒன்றும் இல்லை. இம்மலையிலேயே காவலூரில் 1986இல் நிறுவப்பட்ட பெருந்தொலைநோக்கி கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள விண்மீன்களைக் காண்கிறது; புனித ஜார்ஜ் கோட்டையினின்று இம்மலையைக் காண்பதற்கு ஒரு கருவி இன்னும் செய்யப்படவில்லை போலும்! நீதியாக ஒன்று கூறவேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கென அவர்கள் தொகைக்கேற்ற நிதியை ஒதுக்கி அதனையே செலவிட வேண்டுமென்று 2024இல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. அது நன்று. ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாற்றை அறிந்தவர், சட்டம் இயற்றியதோடு அமைதி கொள்ளார்.

செலவைக் குறைக்கும் வழி இங்ஙனமாக, வரவைப் பெருக்கும் வழியும் அத்தகையதே. வெளிப்படையாக வரி கேட்பதற்கு அஞ்சி, கேளாமலே எடுக்கும் வழிகள் தேடப்படுகின்றன. 2018 ஜனவரி 20 முதல் பேருந்துக் கட்டணம் பெருமளவு உயர்ந்தது. சட்டசபையில் வாக்கெடுத்தன்று, அரசாணையினால். மாணவர் தெருவிலிறங்கிக் கிளர்ச்சி செய்தனர். சில நாளில் சிறிது குறைந்தது. அந்த ஜனவரியிலேயே, அங்கத்தினரின் மாத ஊதியத்தை 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தும் மசோதா சபையில் நிறைவேறியிருந்தது. தொகை பெரிதன்று, துண்டை அதனால் அடைக்கவும் முடியாது, பெருக்கவும் முடியாது. ஆனால் தம் ஊதியத்திற்குச் சபையின் வாக்கும், மாணவர் பேருந்துக் கட்டணத்திற்கு அதிகாரியின் கையொப்பமும் என்றிருப்பது பார்ப்பவர் கண்ணை உறுத்தாதோ?

எல்லாவற்றினும் பெரியது மது வருமானம். 1983இல் தோன்றிய 'டாஸ்மாக்' நிறுவனம் 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் ஏற்றது. 2023-24இல் மதுவினால் அரசாங்கம் பெற்றது 45,000 கோடிக்குச் சற்று மேல். மேலே கூறிய அதே ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக! இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகை. மதுக்கடை மூடினால் துண்டு இருமடங்காகும் என்பது இதன் பொருள். மதுவிலக்கைப் பற்றி இருதரத்தாரும் மேடைதோறும் பேசுவர். இக்கணக்கை ஒருவரும் பேசார்.

இக்கணக்கைப் பேசிய ஒருவர் இருந்தார். 1937 அக்டோபர் 1இல் இராஜகோபாலாச்சாரியார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்னர் அது சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், 1939இல் திருப்பத்தூரும் இம்மலையும் அக்காலத்தில் அடங்கியிருந்த வடஆற்காடு ஜில்லாவுக்கும் விரிந்தது. சாராய வரும்படி சென்னை மாகாணப் பொக்கிஷத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. அத்தூணைத் தாமே பெயர்த்தெடுத்தவர், அதற்கீடாக வேறொரு தூண் எதுவென்று சபையிலேயே சொன்னார்: 1939ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம். பிரதம மந்திரிப் பதவியோடு நிதிப் பொறுப்பும் அவர் கையிலேயே இருந்தது. வர்த்தகர் சினந்தனர், எதிர்த்தரப்பார் வாதாடினர், ஆயினும் வரி நிறைவேறிற்று. இந்தியாவில் இத்தகைய பொது விற்பனை வரிக்கு அதுவே முன்மாதிரி. அவ்வரியிலும் குறையுண்டு. செல்வனும் வறியனும் ஒரே விகிதத்தில் இறுப்பது விற்பனை வரி. மலைக்குடியானவனும் தான் வாங்கும் துணிக்கு அதனை இறுத்தான். இராஜகோபாலாச்சாரியாரின் பிற செய்கைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆயினும் "இதனைக் கைவிடுகிறேன், அதற்காக இதனைக் கேட்கிறேன்" என்று ஒரே மூச்சில், பெயர் சொல்லிக் கேட்ட அந்நேர்மையைப் பின்வந்தோரிடம் காண்டல் அரிது. 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டதும், 1974இல் மீண்டதும், 1981இல் கடைகள் மறுபடி திறந்ததும் இக்கணக்கின் நெருக்கடியைத் தவிர்க்க இயலாமையையே காட்டுகின்றன.

சட்டசபையார் பக்கத்து நியாயமும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் தகாது. 1939இல் சென்னை கண்ட அந்த விற்பனை வரி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரியில் கரைந்துவிட்டது. அதன் விகிதங்களை ஒரு தனிக் கவுன்சில் பரிந்துரைக்கிறது. அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, முடிவுக்கோ நான்கில் மூன்று பங்கு வேண்டும். இழப்பீடும் 2022 ஜூன் 30உடன் நின்றது. மத்திய வரிகளில் தமிழ்நாட்டின் பங்கு பன்னிரண்டாம் நிதிக் கமிஷன் காலத்தில் 5.305 விழுக்காடாயிருந்தது, பதினைந்தாம் கமிஷன் 2021-26க்கு விதித்தது 4.079. மது, பெட்ரோல், பத்திரப் பதிவு, வாகனம், மின்சாரம் என்று விரல்விட்டு எண்ணத்தக்க வரிகளே சபையின் கையில் எஞ்சியுள்ளன. டில்லியைக் குறை கூறுவோர் வீண் கூச்சலிடுபவரல்லர். ஆனால் கை சுருங்கிய குடும்பத்தில் கணக்கு முன்னினும் நன்றாய் எழுதப்பட வேண்டுமன்றோ?

அக்கணக்கை எழுதும் அதிகாரம் அங்கத்தினர்க்கு உண்டு. அரசியலமைப்பின் 203ஆம் பிரிவின்படி, மந்திரி கேட்கும் மானியக் கோரிக்கையைச் சபை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. இதனால் விளையும் வேடிக்கையைக் காணீர். கூட்ட அதிகாரமற்ற அங்கத்தினர், மானிய விவாதத்தில் எழுந்து, தம் தொகுதிக்குப் பாலம் வேண்டும், கல்லூரி வேண்டும், பேருந்து நிலையம் வேண்டும் என்று கூட்டுவதையே கேட்கின்றனர். குறைக்கும் அதிகாரமோ பெயரளவில் வெட்டுத் தீர்மானம் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. "இச்செலவை நிறுத்தி, அத்தொகையை மலைவழிகளுக்கு விடுக" என்று தொகை சொல்லி, துறை சொல்லி வாதாடுதல் அரிதினும் அரிதாயிருக்கிறது.

அயல்நாட்டில் இதற்கு மாறான ஒன்று நிகழ்ந்ததுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கன்சாஸ் என்னும் இராஜ்யம் 2012இல் வருமான வரியைப் பெரிதும் குறைத்தது. செல்வம் பெருகும், வரும்படி தானே மீளும் என்றனர், மீளவில்லை. சாலைக்கென வைத்திருந்த பணத்தைப் பொதுச்செலவுக்கு எடுத்தனர், பள்ளிகள் வாடின. 2017 ஜூனில் அந்நாட்டுச் சட்டசபையார், ஆளுநரின் கட்சியாரே பெரும்பான்மையாயிருந்தும், அவர் தடையை மீறி வரியை மீண்டும் உயர்த்தி வாக்களித்தனர். வரி உயர்த்தியவர் வீரர் என்பது என் கருத்தன்று. துண்டு யார் தலையில் விழுகிறது என்பதைத் தம் ஊர்ப் பள்ளியிற் கண்டு, தம் பெயரால் வாக்களித்து, அதற்குப் பொறுப்பேற்றனர் என்பதே கருதத்தக்கது.

நம் சபையில் ஒரு சிறு மாறுதல் செய்யலாகும். எந்த இலவசமோ, வரிக்குறைப்போ, ஊதிய உயர்வோ அறிவிக்கப்படினும், அதே நாளில் அதற்குரிய தொகை எங்கிருந்து வருகிறது, எவ்வேலை அதனால் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சபைமுன் வைக்கவேண்டும் என்று விதி செய்தல். நின்றுபோன வேலைகளை ஊர்ப்பெயரோடு அச்சிட வேண்டும். இலவசங்களை நான் இகழ்பவனல்லன். பள்ளியிற் பிள்ளைகள் உண்ணும் உணவு இந்நாட்டின் மிகச்சிறந்த முதலீடு. அத்தகையவை இத்தாளுக்கு அஞ்சவேண்டியதில்லை.

நம் கல்லூரி ஆண்டு விழாவிற்கு அங்கத்தினர் வருவது வழக்கம். மாலையிட்டு, அவர் பிரசங்கத்தைக் கேட்டு, கைதட்டி அனுப்புகிறோம். அடுத்த முறை வருபவரிடம், சென்ற மானிய விவாதத்தில் தாங்கள் எத்தொகையைக் குறைக்கச் சொன்னீர்கள், அதனை எதற்கு விடச் சொன்னீர்கள் என்று மாணவர் ஒருவர் வணக்கத்தோடு கேட்பாராயின் மகிழ்வேன். புதூர்நாட்டுக் கவுண்டரின் கேள்விக்கு விடை எழுதி அனுப்புவதாக நான் வாக்களித்து வந்திருக்கிறேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. அவர் பேத்தி எட்டாம் வகுப்பிற் படிக்கிறாள், அவள் வாசித்துக் காட்டுவாள் என்றார்.